கை நனைக்காமல்

"பெங்களூர்ல ஓட்டலுக்கா பஞ்சம்?"

சந்திரன் இப்படிக் கேட்டது சனிக்கிழமை சாயங்காலம், சாந்தகுமாரி புளி ஊறவைக்கப் பாத்திரத்தைக் கையில் எடுத்தபோது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் புளிச்சோற்று மூட்டையோடு போய் இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் நியாயம். சாந்தகுமாரி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் மத்தியானம் முழுக்க அவர் மனசு அந்தப் பாத்திரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

சந்திரன் வாணியம்பாடியில் மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர். மழை பெய்து கரண்ட் போனால் பாதி ஊர் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். ஒரே பெண் தாரணி. வேலூர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. பல வருஷம் தற்காலிகம் தற்காலிகம் என்று இழுத்தடித்து, இந்தத் தை மாதம்தான் நிரந்தரமாக்கினார்கள். அந்தத் தையிலேயே பெங்களூர் அல்சூரிலிருந்து வரனும் வந்தது. பையன் நரேஷ், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். ஜாதகம் பொருந்தியது. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, கேசரி பஜ்ஜியோடு நாகரிகமாகக் கிளம்பிப் போனார்கள். இனி பெண் வீட்டார் போய் வீட்டைப் பார்க்க வேண்டும்.

பார்க்கலாம், உட்காரலாம், காபி குடிக்கலாம். சோறு மட்டும் கூடாது. இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். கை நனைத்துவிட்டு வந்து வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தை எந்தத் தரகரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தாரணிக்கும் இது தெரியும். அதனால்தான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வீட்டப் பாருங்கப்பா, பேசுங்க, எல்லாம் பண்ணுங்க. கை மட்டும் நனைச்சிடாதீங்க. நீங்க போயிட்டு வந்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம அவரு ஃபோன்ல பேசறேன்னு சொல்லியிருக்காரு. என் வேலைய விடச் சொல்லுவீங்களான்னு நான் என் வாயால கேக்கணும். அவரு பதில நான் என் காதால கேக்கணும். அதுவரைக்கும் எனக்காக நிறுத்தி வைங்க."

"உன்னக் கேக்காம அங்க ஒரு பருக்க தொடமாட்டேம்மா," என்றார் சந்திரன். தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னார். அந்தப் பெண் அதுவரை அப்பாவிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

அதற்கு அவர் ஒரு திட்டமும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எமகண்டம் முடிந்து, சாயங்கால ராகுகாலம் பிறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். எமகண்டத்தில் எதுவும் செய்யக்கூடாதே தவிர சாப்பிடலாம். ஆகவே அந்த நேரத்தில் நல்ல ஓட்டலாகப் பார்த்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுவது. பிறகு மாப்பிள்ளை வீட்டில் என்னதான் உபசரித்தாலும், "ஐயோ, இப்பத்தான் சாப்ட்டு வர்றோம்," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடலாம். வயிறு நிறைந்தவனை யாராலும் வற்புறுத்த முடியாது. திட்டத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கிளம்பியவர்கள் சந்திரன், சாந்தகுமாரி, சாந்தகுமாரியின் தம்பி ரகு, அவன் பெண்டாட்டி வீணா, அவர்கள் மகள் ஆறு வயது அதிதி, சந்திரனின் அக்கா ஜகதாம்பாள். சுபகாரியத்துக்கு ஒற்றைப்படையில் போக வேண்டும், ஆறாகிறதே என்று சாந்தகுமாரி இழுத்தபோது, "கொழந்த கணக்குல வராது," என்று ஜகதாம்பாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். முறை சம்பந்தப்பட்ட எதற்கும் அந்தக் குடும்பத்தில் அவள்தான் தாசில்தார். மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் உண்டு. அதிகாரத்தை அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை.

கிருஷ்ணராஜபுரத்துக்கு முன்னால் நின்ற ரயில் நின்றதுதான். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது எமகண்டத்தில் பாதி போய்விட்டது. காலையில் ஆளுக்கு இரண்டு இட்லியோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். பிளாட்பாரத்திலேயே அதிதி, "மாமா, பசிக்குது," என்றாள்.

தாரணி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு டியூட்டி. "எறங்கிட்டீங்களா? மொதல்ல ஓட்டலப் பாருங்கப்பா. அல்சூர்ல ஒரு தமிழ் மெஸ் இருக்கு, எடம் அனுப்பியிருக்கேன். வாழையிலச் சாப்பாடு, வெலையும் கம்மின்னு போட்டிருக்கு."

இரண்டு ஆட்டோவில் மெஸ்ஸைத் தேடிப் போனார்கள். மெஸ் இருந்தது. கதவில் பூட்டும் இருந்தது. ஞாயிறு விடுமுறை என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தனியாகத் தங்கி வேலை பார்க்கிற பையன்களை நம்பி நடக்கிற மெஸ். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் மத்தியானம் வரை தூங்குவார்கள், மெஸ்ஸும் சேர்ந்து தூங்கும். இதை எதிர்க்கடைக்காரர் விளக்கமாகச் சொன்னார். விளக்கத்தால் யாருக்கும் பசி தீரவில்லை.

அந்தத் தெருவில் அதற்கு மேல் நிற்கவும் பயம். மாப்பிள்ளை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சம்பந்தியாகப் போகிற மனிதர் தயிர் வாங்க வெளியே வந்து, பெண் வீட்டார் சோற்றுக்கு அலைவதைப் பார்த்துவிட்டால் மானம் போய்விடும். "மொதல்ல இங்கேர்ந்து கெளம்புங்க," என்று எல்லோரையும் முன்னால் விட்டுக்கொண்டு, அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி நடந்தார் சந்திரன்.

வழியெல்லாம் பிரியாணிக் கடை. அண்டாவைத் திறந்து மூடுகிற சத்தம் தெருவரை கேட்டது. உட்கார நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, விலையும் கையைக் கடிக்காது. ரகு ஒவ்வொரு கடை வாசலிலும் கொஞ்சம் மெதுவாக நடந்தான்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப கவிச்சியா?" என்றாள் ஜகதாம்பாள், அவன் முகத்தைப் பார்க்காமலே. ரகு வேகமாக நடந்தான்.

அடுத்து ஒரு சைவ டிஃபன் கடை. கூட்டம் அலைமோதியது, இட்லி ஆவி பறந்தது, விலையும் வாணியம்பாடி விலைதான். நாற்காலிதான் ஒன்றுகூட இல்லை. இடுப்புயர மேஜைகளைச் சுற்றி நின்றுகொண்டே மொத்த பெங்களூரும் தின்றுகொண்டிருந்தது. ஜகதாம்பாள் வாசற்படியைத் தாண்டவில்லை. "என் முட்டி நிக்காது சந்திரா. நின்னாலும் நிக்கமாட்டேன். ஓட்டல்ல நின்னுகிட்டுத் திங்கறதுக்கு நான் என்னா பஸ்ஸுக்கா போறேன்?"

"அக்காவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல் கெடைக்குமா?" என்று சந்திரன் கல்லாவில் கேட்டார். கல்லாக்காரர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் ஏதோ சொன்னார். நல்லதாகத்தான் சொல்லியிருப்பார். ஸ்டூல் வரவில்லை.

மூன்றாவதாக ரகு கண்டுபிடித்ததில் பலகையிலேயே ஃபேமிலி ரெஸ்டாரன்ட் என்று பெரிதாக எழுதியிருந்தது. குடும்பத்துக்கென்றே நடத்துகிறார்கள் பார் என்று அவன் தெம்பாக உள்ளே கூட்டிப்போனான். உள்ளே ஒரே இருட்டு. கண் பழகியதும், மேஜைக்கு மேஜை பீர் பாட்டிலும் வேர்க்கடலையும் தெரிந்தன. ஜகதாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்ட வேகத்தைப் பார்த்தால் முட்டிவலி இருக்கிறதென்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். சந்திரனுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது, வரவில்லை. வயிறு பிடுங்கத் தொடங்கியிருந்தது.

பிறகு இந்திரா நகர். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இடத்தில் நாற்காலி இருந்தது, குளிர்ச்சி இருந்தது, சுத்தம் இருந்தது. உட்கார்ந்ததும் ஜகதாம்பாள் கண்ணை மூடி, "முருகா," என்றாள். பணிப்பெண் தண்ணீர் பாட்டில்களைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினாள். மெனு கார்டு கிடையாது; மேஜையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்துக்கு நேரே ஃபோனைக் காட்டினால்தான் விலைப்பட்டியல் தெரியும். ரகு காட்டினான். பார்த்தவன் ஃபோனை மாமாவிடம் நீட்டினான். அங்கே ஒருத்தர் சாப்பிடுகிற காசுக்கு வாணியம்பாடியில் வீட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டு, பார்சலும் வாங்கிக்கொண்டு வரலாம்.

ஒரு நாள்தானே, கொடுத்துத் தொலைக்கலாம் என்று சந்திரனுக்குத் தோன்றாமலில்லை. ஆறு பேரால் பெருக்கிப் பார்த்தார். திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் பூவும் பழமும் வாங்க வேண்டும். எழுந்தார். குடித்த தண்ணீருக்கு பில் வந்தது. கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அந்தப் பணிப்பெண்ணின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் பாவம், சாதாரணமாகத்தான் கதவைத் திறந்துவிட்டாள்.

நடைபாதையில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். சாப்பிட இடமில்லாமல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தன் குடும்பம் உட்கார்ந்து, தன் சட்டைப்பைக்குத் தகுந்தாற்போல், கவிச்சியில்லாமல் ஒரு வாய் சாப்பிட மட்டும் இந்த ஊரில் இடமில்லை. எத்தனை புயலில் கம்பம் ஏறியிருக்கிறார், அப்போதெல்லாம் வராத பயம் இப்போது வந்தது.

கடைசியில் ஓர் ஆட்டோக்காரர்தான் வழி சொன்னார். பழைய ஓட்டல், வாழையிலை மீல்ஸ், நியாயமான விலை. போய்ப் பார்த்தால் எல்லாம் உண்மை. பெங்களூரில் பாதிப் பேருக்கும் அது தெரிந்திருந்தது. இடத்துக்கு டோக்கன் கிடையாது; சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டியது. அவர் எழுந்ததும் நாம். சந்திரன் குடும்பத்தைப் பிரித்து ஆளுக்கொரு மேஜையில் நிறுத்தினார். அவருக்கு வாய்த்தவர் மோர் சாதத்தைப் பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டார். நடுவில் ஃபோனில் யாருக்கோ ஏதோ சம்பவம் சொன்னார். பிறகு இன்னொரு அப்பளம் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் ஜகதாம்பாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, சர்க்கரை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. "எப்பிடியும் அரை மணி ஆவும். கணக்கா இருக்கும்," என்றாள். வாணியம்பாடியில் அவள் மாத்திரை போட்டு அரை மணியில் தட்டு முன்னால் வராத நாள் கிடையாது.

தாரணி மறுபடி கூப்பிட்டாள். "ஓட்டல் கெடச்சுதாப்பா?"

"கெடச்சிருச்சும்மா. எடம் பிடிச்சு நிக்கறோம். நீ சாப்ட்டியா?"

"நீங்க மொதல்ல சாப்டுங்க. அத்தைக்கு சுகர். எனக்கு இங்க வேலையே ஓடல."

ஒரு வழியாக மோர் சாதக்காரர் எழுந்தார். ரகுவும் ஒரு மேஜையைப் பிடித்தான். எல்லோரும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இலைக்காகக் கையைத் துடைத்துவைத்துக் காத்திருந்தபோது, தோளில் துண்டு போட்ட சர்வர் வந்து குனிந்தார்.

"ஊட்டா காலி சார். சாப்பாடு முடிஞ்சுது. இனிமே சாயங்காலம்தான் டிஃபன்."

சந்திரன் அவரையே பார்த்தார். "ஒரு இலை மட்டும். அக்கா மாத்திரை போட்டுட்டாங்க. வெறும் சோறு இருந்தாலும் பரவால்ல."

"அடி வரைக்கும் வழிச்சாச்சு சார்." சர்வர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சண்டே இல்லையா."

வெளியே வந்து சாந்தகுமாரி ஒரு தள்ளுவண்டியில் வாழைப்பழம் வாங்கினாள். அதிதி இரண்டைத் தின்றாள். ஜகதாம்பாள் தொடவில்லை. "சுகர்க்காரிக்கு வாழப்பழமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, வாங்க," என்றாள். சொல்லும்போதே அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. பக்கத்தில் திறந்திருக்கிற கடை எதிலாவது ஒரு வாய் எதையாவது கொடுத்துவிடலாம் என்று சந்திரன் திரும்பியபோது ஃபோன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா முனிராஜ்.

"எங்க இருக்கீங்க சார்? எமகண்டம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. ராகுகாலம் வந்துட்டா அப்புறம் பேச முடியாது. பேக, சீக்கிரம் வந்துருங்க. அட்ரஸ் தெரியலன்னா நரேஷ அனுப்பட்டுமா?"

"வேணாம் வேணாம். இதோ வந்துட்டோம்," என்றார் சந்திரன். அரை மணி உட்கார்ந்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் எதையாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆட்டோவைக் கைகாட்டினார்.

அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். சந்துக்குள் சின்ன மாடி வீடு. மாடிப்படி ஏறும்போதே நெய் காய்ந்த வாசமும் ரச வாசமும் வந்து முகத்தில் மோதின. அதிதி, "அம்மா, இங்க சாப்பாடு இருக்கு," என்று உரக்கச் சொன்னாள். வீணா அவள் வாயைப் பொத்தினாள்.

முனிராஜ் நல்ல மாதிரி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, அவரே பேச்சை எடுத்தார். "நீங்க சாப்ட்டுத்தான் வந்திருப்பீங்க, முறை எங்களுக்கும் தெரியும். இவதான் கேக்கல, ஆறு பேருக்கும் சேத்து சமைச்சு வச்சிட்டா. நாங்க வற்புறுத்த மாட்டோம். காபி மட்டும் குடிங்க."

"ஆமாங்க, இப்பத்தான் சாப்ட்டோம்," என்றார் சந்திரன். அதைச் சொன்னபோது அவர் வயிறு சத்தம் போட்டது. மின்விசிறிச் சத்தத்தில் அது அமுங்கிப்போயிருக்கும் என்று நம்பினார்.

மாப்பிள்ளையின் அம்மா எல்லம்மா காபி தம்ளரை நீட்டினாள். ஜகதாம்பாள் வாங்கக் கையை நீட்டினாள். கை நடுங்கியது. தம்ளர் நழுவி, காபி பட்டுப்புடவை முழுக்கக் கொட்டியது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுக, "சந்திரா, வெளக்க ஏண்டா அணைச்ச?" என்று கேட்டபடி சாந்தகுமாரி மடியில் சாய்ந்தாள்.

சந்திரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட மட்டும் தெரிந்தது. எல்லம்மாதான் ஒரே எட்டில் வந்து ஜகதாம்பாளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு. இவங்களுக்கு சுகரா? எனக்கும் சுகர்தான், எனக்குத் தெரியும். எறங்கிடுச்சு. எப்ப சாப்ட்டாங்க?"

இப்போதுதான் சாப்பிட்டோம் என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அதிதிதான் சொன்னாள். "நாங்க யாருமே சாப்டல. எல்லா ஓட்டலும் சுத்தினோம்."

எல்லம்மா ஒரு நொடி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். திட்டவில்லை, கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து, தன் தோளில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஜகதாம்பாளுக்குக் கண் தெளிந்தது. "இது கொஞ்ச நேரந்தான் தாங்கும். மாத்திர உள்ள இருக்கே, மறுபடியும் எறக்கிடும். சோறு எறங்கணும்," என்று சொல்லிவிட்டு, குழைத்த ரசம் சாதத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வாயருகே நீட்டினாள். ஜகதாம்பாள் தம்பியைப் பார்த்தாள். சந்திரன், "சாப்டுக்கா," என்றார். வேறென்ன சொல்வார்? அவள் சாப்பிட்டாள். நாலு வாய்க்குப் பிறகு கிண்ணத்தைத் தானே வாங்கிக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். கிண்ணம் காலியானதும் சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

உயிர் பிழைத்தாளே என்று சந்திரனுக்கும் கண் நிறைந்தது. அதற்குள் அவர் மனசு இன்னொரு பக்கம் அவசரமாகக் கணக்குப் போட்டது. மெதுவாக அக்காவின் காதருகே குனிந்தார். "மருந்து மாதிரி சாப்ட்டதுதானேக்கா. இது கணக்குல வராதில்ல?"

"சோறு சோறுதாண்டா," என்றாள் ஜகதாம்பாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். பிறகு எல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கையால தின்னு உயிர் வந்துச்சு தாயி. தின்னுட்டு வெளிய போயி உன் வீட்ட வேணாம்னு சொல்ற நாக்கு எனக்கில்ல. மூத்தவ நான் கை நனைச்சாச்சு. இனிமே இவங்க பட்டினி கெடந்து என்னா ஆவப் போவுது? எல போடு."

எல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நரேஷ் பாயை விரித்தான். இலைகள் வந்தன. கூப்பிடுவதற்கு முன்பே அதிதி முதல் இலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரகுவும் வீணாவும் சந்திரனைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். சாந்தகுமாரி கடைசியாக உட்கார்ந்தாள், தலை நிமிரவில்லை.

சந்திரன் நின்றுகொண்டிருந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும். பெண் ஒரு வாரம் கேட்டிருக்கிறாள் என்று சொன்னால் போதும். நல்ல மனிதர்கள், புரிந்துகொள்வார்கள். "தாரணி ஒரு வார்த்த…" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க," என்றார் முனிராஜ். எல்லம்மா சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் கை முழுக்க அக்காவுக்குப் பிசைந்த ரசம் சாதம் ஒட்டியிருந்தது. கழுவக்கூட அவளுக்கு நேரமில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் சோறு எங்களுக்கு இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேருக்கு ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். சூடான சோறு, அதன் மேல் நெய், கத்திரிக்காய் சாம்பார். முதல் கவளம் உள்ளே போனதும் பசி அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. இலையை வழித்துச் சாப்பிட்டார். எல்லம்மா இரண்டாம் முறை வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல நினைத்த கை சோற்றில் தானாகக் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கையை அவருக்கே பிடிக்கவில்லை.

முனிராஜ் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரும் சாப்பிடுவதை நிறைந்த மனசோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசம் போட்டுக்கோங்க சம்பந்தி," என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு விஷயம் சொல்லணும். உங்க பொண்ணு இனிமே அந்த ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு ரத்தமும் அதுவுமா அலைய வேணாம். நான் கண்டக்டரா நின்னு நின்னு கஷ்டப்பட்டது போதும். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு நிம்மதியா உக்காந்து இருக்கட்டும். என்னடா நரேஷ்?"

நரேஷ் ரகுவின் இலையில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

சந்திரனின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. வலது கை முழுக்க ரசம். இடது கையால் தடுமாறி எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, எத்தன தடவதான் கூப்புடுறது? அத்தை சாப்ட்டாங்களா? நீங்க சாப்ட்டீங்களா, இல்லையா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எல்லம்மா, பெண்ணா என்று சைகையில் கேட்டுச் சிரித்தாள்.

"சாப்ட்டோம்மா," என்றார் சந்திரன்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பாடா. இப்பத்தாம்ப்பா எனக்கு உயிரே வந்துச்சு. எந்த ஓட்டல்ப்பா?"